ரசீது

ஓட்டு எண்ணி முடிந்த பதினேழாம் நாள்
கோத்தகிரி ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
விசைக்காப்பில் நூலால் கட்டிய அட்டை:
என் பெயர், லைசென்ஸ் எண்,
ரைட்டரின் சிவப்பு மசியில் ‘பழையது’.
மூன்று மாதம் ஈரச்சுவரில் சாய்ந்து நின்றதில்
குழல் முழுக்கப் பொரிப்பொரியாய்த் துரு.

“சுடுமா மேடம் இது?” என்றார் ஏட்டு ஆல்துரை.
பல் செட் செய்கிறவளுக்கு
இது பழகின கேள்வி.
கடிக்குமா மேடம் இது?

பழைய பனியனை மேசையில் விரித்தேன்.
கழற்றிய திருகுகளை வரிசை மாறாமல்
முட்டை அட்டையின் குழிகளில் வைத்தேன்.
போல்ட்டில் எண்ணெய் இறுகிப் பிசினாகியிருந்தது.
மண்ணெண்ணெய்க்கு மசியவில்லை.
கடைசியில், சளிக்கு வைத்திருந்த யூகலிப்டஸ் தைலம்.
ஓர் இரவு ஊறட்டும் என்று விட்டேன்.
காலையில் வீடே காய்ச்சல்காரனின் மார்பாய் மணக்க
போல்ட் வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது.

இந்த வகைத் தோட்டாவுக்கு நெற்றியில் மருந்து கிடையாது.
அடிப்பக்க விளிம்பின் மடிப்புக்குள்
ஒளித்து வைத்திருக்கும்.
நடுவில் எத்தனை குத்தினாலும் சும்மா கிடக்கும்,
ஓரத்தில் ஒரு தட்டு, போதும்.
(என் மூத்த நாத்தனார் இப்படித்தான்.)

வெடித்த வேகத்திலேயே பின்னால் உதைத்து
காலிக்கூட்டை வெளியே எறிந்து
அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ள வேண்டும்.
நான்கு வரைக்கும் செய்யும்.
ஐந்தாவதில்
காலிக்கூடு பாதியில் மாட்டி நிமிர்ந்து நிற்கும்,
டீ பாக்டரிப் புகைபோக்கி மாதிரி.
கிளப்பில் தங்கையா சார் ஸ்பிரிங் என்றார்.
கூரியரில் புது ஸ்பிரிங் வரவழைத்தேன்.
ஐந்தாவதில் அதே புகைபோக்கி.

பிறகுதான், கடைவாய் பார்க்கும் சின்னக் கண்ணாடியை
அறையின் வாய்க்கு நேரே பிடித்தேன்.
பன்னிரண்டு மணிக்கு ஒரு பள்ளம்.
பள்ளத்தின் கரையில், உள்ளே நீட்டிக்கொண்டு,
மயிரிழைப் பிசிறு.
சூடும் கரியும் சேரச் சேர
கூட்டின் கழுத்தை அதுதான் பிடித்திருக்கிறது.
காலி அறையில் யாரோ
விசையை இழுத்து இழுத்து விட்டிருக்க வேண்டும்.
ஊசிக்குத் தோட்டா இல்லாதபோது
இரும்பையே குத்தும்.

யாரோ இல்லை.
தோட்டா விற்ற விலைக்கு
நான்கு பனிக்காலம், ராத்திரி ராத்திரி
காலண்டரில் இருந்த முயலைக் குறி பார்த்து
நான்தான் இழுத்தேன்.
டிக். டிக்.
பயிற்சி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

பிசிறை அழுத்தித் தேய்த்து உள்ளே அடக்க
ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.
பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது.
விசையின் கனம் பார்க்கத் தராசு இல்லை.
துணிப்பையை மாட்டி ஒவ்வொரு கேரட்டாகப் போட்டேன்,
பதினோராவது கேரட்டுக்கு விட்டுக்கொடுத்தது.
அந்தப் பதினொன்றையும் எடை போட்டுவிட்டுப்
பொரியல் செய்தேன்.

அடுத்த சனி, மூடுபனி விலகக் காத்திருந்து,
பத்தும் நிற்காமல் போயின.
தங்கையா சார் கை தட்டினார்.
தாளைக் கொண்டுவந்து பார்த்தால்
முதல் நான்கு ஒரு பொத்தான் அளவுக்குள்,
மற்ற ஆறும் ஊர் சுற்றப் போயிருந்தன.
நான்காவது முடிந்ததும்
ஒரு மாட்டல், ஒரு சலிப்பு, ஒரு மூச்சு
என்று பழகிப்போன தோள்
இப்போது யாருக்காக நிற்கும்?
துப்பாக்கியைச் சரி செய்தாயிற்று,
மிச்சத்தை எந்தக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது.

பஞ்சாயத்துத் தேர்தல் அறிவித்துவிட்டார்கள்.
கனமாக எண்ணெய் பூசி எடுத்துப் போனேன்.
“சுவரில் சாய்க்காதீர்கள், ஏட்டய்யா.”
கம்பளித் துணிகள் பூஞ்சை பிடிக்காமலிருக்க
பீரோவுக்குள் எரிகிற நாற்பது வாட் பல்பை
வயரும் ஹோல்டருமாகக் கொண்டுபோயிருந்தேன்.
ஆல்துரை என்னைப் பார்த்தார்,
பல்பைப் பார்த்தார்,
“கரண்ட் பில்லை யார் கட்டுவது?” என்றார்.
பிறகு ரசீதில் ஒரு வரி சேர்த்தார்:
பல்பு ஒன்று. பழையது. எரியும் நிலையில்.